பத்து மணிப் பக்கம் நெளிந்த வளையங்கள்

முப்பது வருஷமாக என் இடது கண்ணுக்கு வேலையே கிடையாது. வலது கண் உழைத்துக் கொட்ட, இது பக்கத்தில் படுத்துத் தூங்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் பரிசோதகர். பம்புக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொண்டிருக்குமே, கறுப்பாக, மோதிரம் அளவுக்கு, அந்த வளையம். பிரஸ்ஸில் வெந்து, பிசிறு வெட்டப்பட்டு என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் லென்ஸ் வழியாகப் பார்த்து, நல்லதை நீலத் தட்டிலும் கெட்டதைச் சிவப்பு டப்பாவிலும் போட வேண்டும். வேலையைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். செய்து முடிக்கத்தான் ஒரு ஆயுசு ஆகிறது.

லென்ஸை வலது கண் குழியில் இடுக்கிக்கொண்டு இடது கண்ணை மூடிக்கொள்வது முறை. முதல் வருஷம் மூடுவதற்கு வலிக்கும். அப்புறம் திறப்பதற்குத்தான் ஞாபகம் வர வேண்டும். எதைக் கூர்ந்து பார்த்தாலும் அது தானாக மூடிக்கொள்ளும். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, மீன் செதில், எதுவானாலும். பெண் பார்க்கப் போன வீட்டில், காபியோடு வந்தவளை நான் பார்த்த பார்வையைக் கண்ணடித்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

"கண்ணடிக்கிற ஆளு, ஜாலியா வெச்சுப்பாருன்னு நெனச்சு சரின்னு சொன்னேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, செக் பண்ணியிருக்கீங்கன்னு" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நான் பிரபஞ்சத்துக்கு ஒத்தாசை செய்யப் போனேன்.

கம்பெனி வேன் பூந்தமல்லியில் கிளம்பி, கரையான்சாவடியில் ஆளேற்றி, காட்டுப்பாக்கத்தில் என்னை அள்ளிக்கொண்டு, வானகரம் வழியாக எஸ்டேட்டுக்குப் போகும். போகும் என்றால், மெட்ரோ தூண்கள் அனுமதித்தால் போகும். நிற்கிற நேரந்தான் அதிகம். வேனில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். எனக்கோ உடம்பு முழுக்க அலுப்பு இருந்தும் தூக்கம் வருவதில்லை. ஐம்பத்து நாலு வயதில் வருகிற ஒரு தினுசு அலுப்பு அது. அதனால் போனை நோண்டிக்கொண்டிருப்பேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூ காலை வணக்கங்களுக்கும் தண்ணீர் லாரிச் சண்டைகளுக்கும் நடுவில் ஒருநாள் ஒரு செய்தி வந்து விழுந்தது. தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றை வகை பிரித்துக் கொடுங்கள், படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

கண் இருந்தால் போதுமாம். உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுகிறார்கள்?

அந்தச் செய்தியில் இருந்த இணையதளத்தில் ஒவ்வொரு படமாக வரும். தட்டா, உருண்டையா, கைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று கேட்பார்கள். நாம் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். நாலாம் நாள் ஒரு வளையம் வந்தது. கறுப்பில் நீலமாக, நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. நம்ம சரக்கு! அதற்கப்புறம் வளையம் இருக்கும் பகுதிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பகலெல்லாம் வளையம் பார்த்துச் சலித்தவன் போகிற வழியிலும் வளையம் பார்ப்பானா என்றால், பார்ப்பான். பரோட்டா மாஸ்டர் வேறு கடையில் சாப்பிட உட்கார்ந்தால் பரோட்டாவைத்தான் முதலில் பார்ப்பார்.

அந்த வளையங்கள் உண்டாகிற விதத்தைப் படித்தபோது எனக்கு வேன் நின்றதும் நகர்ந்ததும் தெரியவில்லை. பெரிய மண்டலம் ஒன்று, தோசைக்கல் மாதிரித் தட்டையாக, யார் வம்புக்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சின்ன மண்டலம் ஒன்று எங்கிருந்தோ வந்து அதன் நடுவில் புகுந்து மறுபக்கமாகப் போய்விடும். நட்சத்திரத்தோடு நட்சத்திரம் முட்டிக்கொள்வதில்லை. அவற்றுக்கு நடுவே அவ்வளவு காலி இடம். ஆனால் புகுந்தவனின் ஈர்ப்பு, இருந்ததையெல்லாம் உள்ளே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறது. இழுபட்டது திரும்பத் துள்ள, ஏரியில் கல் விழுந்தாற்போல ஒரு அலை வெளியே கிளம்புகிறது. அலை போகிற இடத்தில் வாயு நெருக்கியடித்துக்கொண்டு புது நட்சத்திரங்களாகப் பற்றிக்கொள்கிறது. வளையம் நீலமாக இருப்பது அதனால்தான். அங்கே இருப்பதெல்லாம் இளசு. நடுவில் மஞ்சளாக மிச்சம் இருப்பது என்னைப் போன்ற பழசு. இடி சரியாக நடுவில் விழாவிட்டால் வளையம் கோணும், மஞ்சள் பொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். வளையமாகத் தெரிவதெல்லாம் விபத்து கேஸ் இல்லை. சில மண்டலங்கள் யாரும் இடிக்காமலே தமக்குள் வளையம் போட்டுக்கொள்ளும். எது விபத்து, எது சொந்த வளர்த்தி என்று பிரிப்பதில்தான் கண்ணுக்கு வேலை.

வேனில் எனக்கு இடம் பிடித்து வைப்பவன் கரையான்சாவடியில் ஏறும் மூன்றாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர். அவன் வேக வைக்கிற வளையங்களைத்தான் நான் பார்ப்பேன். இருபது வருஷமாக அவன் சமைக்கிறான், நான் குறை சொல்கிறேன். கிட்டத்தட்ட குடும்பம். போனை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இன்னா அண்ணாத்தே இது, ரிஜெக்ட் பீஸை போட்டோ புட்சிகினு வந்துட்டியா?"

"கேலக்ஸி நைனா. நம்ம சூரியன் மாதிரி கோடி கோடியா கீது இதுக்குள்ள. இன்னொண்ணு வந்து இடிச்சதுல இப்டி ஆயிடுச்சு."

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இட்சவன் எங்க?"

"அதோ, ஓரமா, சின்னதா."

"நிக்காமப் போய்க்கினே கீறானா? தண்ணி லாரிக்காரனா இருப்பான்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இட்சவனுக்கு ஒரு கீறல் இல்ல பாரேன். வாங்கினவன்தான் பப்பரப்பேன்னு கீறான்."

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். அப்புறம் வலது கண்ணில் டீக்கறை மாதிரி ஒரு மங்கல் வந்தது. அலுப்பு என்று விட்டுவிட்டேன். எனக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அலுப்பு என்றுதான் பெயர் வைத்திருந்தேன். அதே சமயத்தில் மேஜைக்கு வருகிற வளையங்களில் ஒரு நெளிசல் தெரிய ஆரம்பித்தது. கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் பத்து மணி இருக்குமிடத்தில், லேசாக, சுண்டு விரலால் அழுத்தினாற்போல. நான் சிவப்பு டப்பாவில் போட்டேன். அடுத்ததிலும் இருந்தது. போட்டேன். டப்பா நிறைந்தது, இன்னொன்று வாங்கினேன். சிவப்பு டப்பாவில் விழுந்ததை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. மூடி, என் சீட்டை ஒட்டி, அடுக்கி வைப்பார்கள். அனுபவஸ்தன் கண்ணுக்குக் கம்பெனி கொடுக்கிற மரியாதை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வயதில் இவ்வளவு நுணுக்கமான நெளிசலைப் பிடிக்கிறேனே என்று.

சூப்பர்வைசர் வந்து நின்றார். என் மகன் வயசிருக்கும், நல்ல மாதிரி. "ண்ணே, மூணாம் நம்பர் பிரஸ்ல மட்டும் ரிஜெக்‌ஷன் ஏறிக்கிட்டே போவுது. இன்னா விஷயம்?"

"நெளிசல் சார். எல்லாம் ஒரே எடத்துல. மோல்டுல ஏதோ கீது, இல்ல ஓட்டறதுல ஏதோ கீது."

இதை நான்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மோல்டைக் கழற்றினார்கள். வளையத்துக்கு உருக் கொடுக்கிற அச்சு, கொதிக்கிற இரும்பு அது. ஆபரேட்டர் தேய்த்துக் கழுவி மாட்டினான். நெளிசல் போகவில்லை. மறுபடி கழற்றினார்கள். மூன்றாம் முறையும் கழற்றி மாட்டியபோது அவன் முன்கையில் பட்டை பட்டையாகச் சூடு. வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஷிப்டும் நின்று பார்த்தான். மறுநாள் வேனில் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான்.

"பாரு அண்ணாத்தே. நடுங்குதா?"

நான் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். "லேசா நடுங்குது நைனா" என்றேன்.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு எஸ்டேட் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கடிதம் தயாரானது. 'எனது கவனக்குறைவால் ஏற்பட்ட பிழைகளுக்கு' என்று ஆரம்பித்து, கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை போட்டுக் கொடுக்க வேண்டும். அவன் பேரில் எப்போதோ ஒரு கடிதம் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவதும் சேர்ந்தால், அடுத்தது எது நடந்தாலும் பிரஸ்ஸிலிருந்து இறக்கி, காண்ட்ராக்டில் மூட்டை ஏற்ற அனுப்பிவிடுவார்கள். முதுகுத்தண்டில் ஏற்கெனவே தகராறு உள்ள ஆள். எனக்கு வருத்தமாக இருந்தது. பாவம், நல்ல கை, போய்விட்டதே என்று வருத்தப்பட்டேன்.

வருத்தத்தோடு வருத்தமாக வேனில் என் விஞ்ஞானமும் நடந்துகொண்டிருந்தது. விண்மீன் மண்டல வளையங்களிலும் நெளிசல் தெரிந்தது. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். அதுவும் எல்லாம் மேலே இடது பக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வானகரம் சிக்னலுக்கும் அத்திப்பட்டுக்கும் இடையில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, தளத்தின் உரையாடல் பக்கத்தில் எழுதிப் போட்டேன். 'நான் பார்த்த மோதல் வளையங்கள் அனைத்திலும் ஒரே பக்கம் நசுங்கியிருக்கிறது. ஆகவே இடித்த மண்டலங்கள் எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்திருக்க வேண்டும். பெரியவர்கள் கவனிக்கவும்.' சுருக்கமாகச் சொன்னால், பிரபஞ்சம் முழுவதும், சென்னை மேப்பில் மேலே இடது பக்கம் இருக்கிற ஆவடிப் பக்கத்திலிருந்தே இடி வாங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தேன். எந்தப் பத்திரிகைக்காரன் வந்தால் எந்தச் சட்டை போடுவது என்பது வரை யோசித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காவது முதலில் தெரியட்டும் என்று போனை நீட்டினேன்.

"இந்த வளையத்தைப் பாரு. மேல, இடது பக்கம், நெளிஞ்சிருக்கு பாரு."

வாங்கிப் பார்த்தாள். "எங்க நெளிஞ்சிருக்கு? கொழுக்கட்டைக்கு மாவு தட்டினாப்ல ரவுண்டாதான் இருக்குது."

"நல்லா பாரும்மா."

"நான் நல்லாத்தான் பாக்கறேன். ரெண்டு கண்ணாலயும் பாக்கறேன்."

போன் அவள் உள்ளங்கையில் மல்லாந்து, அவள் பக்கத்துக்கு நேராக இருந்தது. எதிரே இருந்த எனக்குப் படம் தலைகீழ். இடித்த சின்ன மண்டலம் இப்போது மேலே போயிருந்தது. சுட்டிக்காட்ட விரலை நீட்டினேன். நெளிசல் எனக்கு இடது மேல் பக்கமே இருந்தது. படம் திரும்பியிருந்தது, நெளிசல் திரும்பவில்லை.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. குறை தெரிந்தால் வளையத்தைத் திருப்பிப் பார். குறையும் கூடத் திரும்பினால் அது வளையத்தின் குறை. திரும்பாமல் நின்றால் லென்ஸைத் துடை. புதிதாக வருகிற எல்லோருக்கும் இதை நானே ஏதோ வேதம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் திருப்பிப் பார்ப்பதை விட்டு எத்தனை வருஷம் ஆகிறதோ தெரியாது. ஒரு வளையத்துக்கு ஒரு திருப்பு, ஒரு நாளைக்கு எத்தனை திருப்பு, விரல் வலிக்கிறது, அலுப்பாக இருக்கிறது, ஒரு பார்வையில் சொல்லத் தெரியாதவன் என்ன சீனியர்? தட்டில் எப்படிக் கொட்டினாலும் எல்லா வளையத்துக்கும் நெளிசல் பத்து மணிக்கே வந்து நிற்கிறதே, ரப்பருக்கு அப்படி என்ன ஒழுக்கம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணைத் திறந்தேன். முப்பது வருஷம் தூங்கியது, எழுந்து பார்த்தது. வளையம் ரவுண்டாக இருந்தது. அவ்வளவு ரவுண்டாக எதையும் நான் பார்த்ததில்லை.

"இன்னா ஆச்சு? ஏன் மூஞ்சி இப்டி போவுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நான் இட்சிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போன் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள்.

இங்கே என்னைப் பற்றி நல்லவிதமாக ஏதாவது எழுதலாம் என்றால் வழியில்லை. திங்கட்கிழமை நேராகப் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை. லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம், ரிஜெக்ட் தானாக இறங்கும், அவனையும் விட்டுவிடுவார்கள், என் நாற்காலியும் நகராது என்று கணக்குப் போட்டேன். கண் பழுது என்று தெரிந்தால் அந்த மேஜையில் யார் உட்கார விடுவார்கள்? வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. இடது கண்ணில் லென்ஸ் நிற்கவே இல்லை. கண்ணீர் கொட்டியது. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பாதி வேலைதான் ஓடியது, சாயங்காலம் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை.

பக்கத்து மேஜையில் உட்காருபவர் ஆவடியிலிருந்து வருகிற அம்மா. வேறு பிரஸ், வேறு அளவு வளையம் அவர் பங்கு. சபைக்குப் போகிறவர், எல்லோருக்கும் அவர் சிஸ்டர், அவருக்கு எல்லோரும் பிரதர். "என்ன பிரதர், அழுறீங்களா?" என்றார்.

"சந்தோஷம் சிஸ்டர்."

"மூஞ்சி அப்படிச் சொல்லலியே" என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமைக்குள் ரிஜெக்ட் படுத்துவிட்டது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா ண்ணே, லெட்டர்னு சொன்னதும் ஒழுங்கா ஓட்டறாரு. சில பேருக்கு எழுத்துல காட்டினாத்தான் ஏறுது."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அதைவிட, ஆபரேட்டர் வேனில் சொன்னதை எதிர்பார்க்கவில்லை.

"தப்பு என்னாண்டதான் இருந்துருக்கு அண்ணாத்தே. யோசிச்சுப் பாத்தேன். தூக்கக் கலக்கத்துல ரெண்டு செகண்டு முன்னாடியே மோல்டைத் தொறந்துகினு இருந்துருக்கேன். இப்ப எண்ணி எண்ணித் தொறக்கறேன், சரியா வருது. சனிக்கெழம சைன் போட்டுக் குட்துடறேன். போடறதுதான் மருவாதி."

"ரெண்டு செகண்டு முன்னாடியா? உனக்கு நல்லாத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுதான். ஆனா வேற இன்னாவா இருக்கும்? மோல்டு சரியா கீது. நீ பாக்கறது தப்பாவா பூடும்?"

நடக்காத இரண்டு வினாடியைத் தானே உண்டாக்கி, அதற்குத் தானே தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தளத்தில் என் கண்டுபிடிப்புக்குப் பதில் வந்திருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர், ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார். நீங்கள் சொன்ன படங்களைப் பார்த்தோம், அந்தப் பக்கம் நசுங்கல் எதுவும் இல்லை, திரையில் கறை இருக்கலாம், துடைத்துப் பாருங்கள். நீங்கள் போட்ட தவறான பதில்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் பல பேர் பார்க்கிறார்கள், ஒருவர் பிழை மற்றவர்கள் பதிலில் கரைந்துவிடும்.

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். எண்ணிப் பார்க்கவே முடியாத தூரத்தில், எவனுக்கும் ஆகாத ஒரு வளையத்துக்கு அத்தனை கண். கரையான்சாவடிக்காரன் வேக வைத்த வளையத்துக்கு நான் ஒருவன். அதிலும் பாதி.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் பூந்தமல்லியில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். விழித்திரைக்கு அடியில் ஒரு துளி நீர் கோத்துக்கொண்டிருக்கிறதாம், அதற்கு மேலே திரை உப்பி நிற்பதால் வளைந்து தெரிகிறதாம்.

"தூக்கம் எப்படி?" என்றார்.

"மத்தவங்க தூங்கறதைப் பாப்பேன் டாக்டர்."

"டென்ஷன் உண்டா?"

"எல்லாருக்கும் குடுக்கறது நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அலுப்பாக இருந்திருக்கும், வெளியே அவ்வளவு கூட்டம். அநேகமாகச் சில மாதத்தில் தானே வடிந்துவிடும், வடியாவிட்டால் பார்ப்போம், அதுவரை கூர்ந்து பார்க்கிற வேலை வேண்டாம் என்றார். திரையில் என் கண்ணின் படம் இருந்தது. செம்மஞ்சளாக வட்டம், உள்ளே மங்கலாக ஒரு வளையம். பழக்க தோஷத்தில் என் கை வகை பிரிக்கப் போய்விட்டது.

சனிக்கிழமை டீ நேரத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆபரேட்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்பு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். எழுந்தேன். லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். வீரமாக நுழைய வேண்டிய இடத்தில் கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு நின்றதும் நான்தான். உள்ளே இருந்து ஆபரேட்டர் திறந்துவிட்டான்.

"சார், அந்த லெட்டர் வேணாம். நெளிசல் அவரு போட்டது இல்ல. என் கண்ணுல கீது."

சூப்பர்வைசர் பேனாவையும் என்னையும் பார்த்தார். "ண்ணே, ஃப்ரெண்டுங்கறதுக்காக நீங்க பழியை ஏத்துக்க வேணாம்."

"நான் அவ்ளோ நல்லவன் இல்ல சார். டப்பாவை எடுத்துகினு வரச் சொல்லுங்க."

சிவப்பு டப்பா வந்தது. அதிலிருந்து ஒரு வளையத்தை, நிழலைப் பெரிதாக்கிக் காட்டுகிற மெஷினில் வைத்தார்கள். திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பு வளையம். சூப்பர்வைசர் அளவுக் கோட்டை அதன்மேல் ஓட்டினார். சுற்றிலும் ஒட்டி நின்றது. சிஸ்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். "நல்லா ரவுண்டாத்தானே இருக்கு பிரதர்?" என்று அவர் என்னையே கேட்டார். நான் இடது கண்ணை மூடினேன்.

"எனக்கு இதுலயே பத்து மணிக்கு நெளியுது. இப்ப பீஸைத் திருப்புங்க."

திருப்பினார்.

"இன்னமும் பத்து மணிக்குத்தான்."

அடுத்த டப்பாவிலிருந்து ஒன்று, அதற்கடுத்ததிலிருந்து ஒன்று. எல்லாம் கோட்டோடு ஒட்டி நின்றன. சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எப்பத்துலேர்ந்து தெரியும் ண்ணே?"

"ஞாயித்துக்கெழமலேர்ந்து."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னேன். ஆபரேட்டர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஞாயித்துக்கெழமயேவா? நான் புதங்கெழம வேன்ல உன்னாண்ட சொன்னனே, ரெண்டு செகண்டுன்னு. கேட்டுகினுதான இருந்தே?"

"இருந்தேன் நைனா."

"மூணு வாரம் அண்ணாத்தே. வூட்ல டம்ளர்ல தண்ணி புட்சா, சிந்துதா சிந்துதான்னு பாத்துகினு இருந்தேன். எம் பொண்டாட்டி நான் குட்சிட்டு வந்துருக்கேன்னு நெனச்சிகினா." பேனாவை மூடி மேஜையில் வைத்தான். கடிதத்தை அவன் கிழிக்கவில்லை. சூப்பர்வைசர்தான் இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். ஆபரேட்டர் பிரஸ்ஸுக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமையிலிருந்து என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே கண் வேண்டாம், கை போதும். அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டுகிறேன், டேப் கோணலாகப் போகிறது. என் சீட்டு ஒட்டிய சிவப்பு டப்பாக்களை எல்லாம் சிஸ்டர் திறந்து திரும்பப் பார்க்கிறார். நல்லது நீலத் தட்டில் விழுகிற சத்தம் பேக்கிங் வரை கேட்கிறது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டேப் ஒட்டினால், ராத்திரி வீட்டில் சோறு போடுகிற கரண்டிச் சத்தம்கூட அதே மாதிரி இருக்கிறது.

ஆபரேட்டர் ஒரு வாரம் பேசவில்லை. வேனில் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டான். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? போனிலும் எதையும் பார்க்கவில்லை. தளத்தில் மட்டும் மூன்று வரி எழுதிப் போட்டேன். நசுங்கல் என் கண்ணில்தான், பிரபஞ்சத்தை மன்னித்துவிடவும். நாலு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் டீ நேரத்தில் அவன் பேக்கிங்குக்கு வந்தான். சிஸ்டர் பார்த்து முடித்த வளையங்களில் ஒரு டப்பாவைத் தூக்கித் தன் பிரஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அதிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"இது எப்டி கீது?"

"ரவுண்டா கீது."

"கேக்கல. பிரஸ் சத்தம்."

"ரவுண்டா கீது நைனா!"

பேக்கிங் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் வளையத்தை நீலத் தட்டில் போட்டுவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். டீ நேரம் ஆனால் இப்போது நாலு பெண்கள் முன்கூட்டியே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். நான் இடது கண்ணால் பார்த்து, சத்தமாகச் சொல்கிறேன். ஒருநாள் தொண்டை கட்டியிருந்தது, அன்றைக்கும் விடவில்லை.

"இன்னும் எத்தினி நாளைக்கு நைனா?" என்று நேற்று கேட்டேன்.

"டப்பா காலியாவ வேணாமா?"

அந்த டப்பாவில் ஆயிரத்துக்குக் குறையாது. எனக்கு ரிட்டையராக நாலு வருஷந்தான் இருக்கிறது. இன்றைக்கே ஐம்பது வளையத்துக்குச் சேர்த்துச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கெடையாது. டெய்லி ஒண்ணு" என்று சொல்லி, அன்றைய வளையத்தை எடுத்து நீட்டினான்.